9 மி.மீ. கார்பைனில் ஃபீடிங் தொல்லை: பஃபரா, மேகசினா, தோட்டாவா?

காலிக்கூடு:

எல்லாருக்கும் வணக்கம். ஏஆர் (ஏஆர்-15 ரைஃபிள்) வடிவில் ஒரு 9 மி.மீ. கார்பைன் (குட்டை ரைஃபிள்) வைத்திருக்கிறேன். கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசின் ஏற்கிற லோயர் (துப்பாக்கி உடலின் கீழ்ப்பாதி), 16 அங்குல பேரல், சாதாரண ப்ளோபேக் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டுக்குப் பூட்டு இல்லாமல் எடையும் ஸ்பிரிங்குமே தாங்குகிற வகை). 115 கிரெய்ன் (குண்டின் எடை) உருண்டை மூக்குத் தோட்டா போட்டால் பெரும்பாலும் ஓடிவிடுகிறது. ஹாலோ பாயிண்ட் (மூக்கில் குழி உள்ள குண்டு) போட்டால் தோட்டாவின் மூக்கு சேம்பர் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) வாயின் அடி விளிம்பில் முட்டி அப்படியே நின்றுவிடுகிறது. அது மட்டுமென்றால்கூடப் பரவாயில்லை, சில நேரம் போல்ட் தோட்டாவைப் பிடிக்காமல் அதன் மேலாகவே ஓடிப்போய் மூடிக்கொள்கிறது, டிரிகரை அழுத்தினால் வெறும் 'டிக்'. கடைசித் தோட்டா போன பிறகு போல்ட் பின்னால் நிற்க வேண்டும் அல்லவா, அது மனசு வைத்தால் நிற்கிறது, இல்லாவிட்டால் இல்லை.

தேடிப் படித்ததில் பாதிப் பேர் கனமான பஃபர் (போல்ட்டுக்குப் பின்னால் அதோடு சேர்ந்து ஓடும் எடை) போடு என்கிறார்கள், மீதிப் பேர் ஃபீட் ராம்ப்பை (தோட்டா சேம்பருக்கு ஏறும் சரிவை) பாலிஷ் பண்ணு என்கிறார்கள், ஏன் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இதே தோட்டாக்கள் இதே மேகசினில் என் கைத்துப்பாக்கியில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடுகின்றன. அதுதான் எனக்கு விளங்காத இடம்.

மினுக்கு:

ராம்ப்பை பாலிஷ் பண்ணுங்க நண்பரே. நானும் பண்ணினேன், ஹாலோ பாயிண்ட் வெண்ணெய் மாதிரி போகுது. வேற ஒண்ணும் வேணாம்.

கனபோல்ட்:

பாலிஷ் வேலை செய்கிற துப்பாக்கிகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன மூன்று தொல்லையில் இரண்டுக்கும் ராம்ப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. போல்ட் தோட்டாவுக்கு மேலே ஓடிப்போவது தோட்டா ராம்ப் பக்கம் வந்து சேர்வதற்கு முன்னாலேயே நடந்த கோளாறு. அதை வைத்துக்கொண்டு ராம்ப்பைத் தேய்த்தால் உலோகம்தான் குறையும், திருப்பி ஒட்ட முடியாது.

காலிக்கூடு, முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன், கைத்துப்பாக்கியில் ஓடுவது கார்பைனில் ஏன் ஓடவில்லை. கிளாக் போன்ற கைத்துப்பாக்கியில் பேரல் பூட்டு விடும்போது பின்பக்கம் கீழே இறங்கிச் சாயும். ராம்ப் அந்தப் பேரலோடு சேர்ந்தே இருப்பதால் தோட்டா வருகிற நேரத்தில் ராம்ப்பும் கீழே இறங்கி அதை வாங்கிக்கொள்ளும். உங்கள் கார்பைனில் பேரல் அசையாது. சேம்பரின் வாயைப் புனல் மாதிரி அகலமாகக் கடைந்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். மேகசின் எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது, எந்தச் சாய்வில் நிற்கிறது, சேம்பரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையெல்லாம் தீர்மானிப்பது லோயரைச் செய்தவர். மேகசினைச் செய்தவருக்கு அதில் பங்கே கிடையாது. போல்ட் ஒருவர், பேரல் ஒருவர், லோயர் இன்னொருவர் என்று வாங்கிச் சேர்த்த துப்பாக்கியாக இருந்தால் ஒவ்வொன்றிலும் இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம் எல்லாம் கடைசியில் மேகசின் வாயில் வந்துதான் கூடும்.

ஒரு காரியம் செய்யுங்கள். தோட்டா இல்லை என்று சேம்பரையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, காலி மேகசினை மாட்டி, அடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எவ்வளவு ஆட்டம் என்று வந்து சொல்லுங்கள்.

நெம்புகோல்:

தம்பி, இந்த வம்பெல்லாம் புதுசு இல்லை. கைத்துப்பாக்கித் தோட்டாவை நீளத் துப்பாக்கியில் போடுவது 1873 வின்செஸ்டர் காலத்துப் பழக்கம். அதில் .44-40 தோட்டா ஏன் அவ்வளவு சுகமாக ஓடியது தெரியுமா? கூட்டின் கழுத்து லேசாகச் சுருங்கியிருக்கும், சேம்பர் வாய் அதை விடப் பெரிசு, குறி கொஞ்சம் தப்பினாலும் தானாகவே உள்ளே போய்விடும். கூட்டின் வாய் மெல்லிசாக இருப்பதால் சுடும்போது விரிந்து சேம்பரை அடைத்துவிடும், கரி பின்னால் வராது.

என் லீவர் கார்பைன் (அடியில் உள்ள லீவரைக் கையால் ஆட்டித் தோட்டா ஏற்றுவது) .357. அதில் .38 ஸ்பெஷல் போட்டுச் சுடுகிறேன், வட்ட மூக்கு என்றால் ஓடும். தட்டை மூக்கும் கூர் விளிம்புத் தோளும் உள்ள ஈயக் குண்டு போட்டால் அந்த விளிம்பு சேம்பர் வாயில் தட்டி நிற்கும், லீவரைக் கொஞ்சம் பின்னால் விட்டு மறுபடி தள்ளினால் போய்விடும். 1873 மாதிரியில் இன்னும் மோசம், அதில் தோட்டாவைத் தூக்குகிற பெட்டி நேராக மேலே ஏறும். தோட்டா குட்டையாக இருந்தால் அடுத்த தோட்டாவின் பின்பக்கம் பாதி பெட்டிக்குள் நுழைந்துகொண்டு பெட்டியை ஏற விடாது. நீளமாக இருந்தால் தோட்டாவின் வாலே குழாய்க்குள் மாட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்யும். ஆக அங்கே மொத்த நீளம்தான் எல்லாமே.

1894 மார்லின் வகையில் வேறொரு தனி வியாதி உண்டு. தோட்டாவைத் தூக்குகிற கேரியரின் அடியை லீவரின் கூர்மையான விளிம்பு நாளடைவில் அரித்துப் பள்ளம் போட்டுவிடும், பிறகு நேரம் தப்பி இரண்டாவது தோட்டா கேரியருக்கு அடியில் புகுந்துகொள்ளும். 'மார்லின் ஜாம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். லீவரின் அந்த விளிம்பை லேசாக மழுக்குவது, பள்ளம் விழுந்த இடத்தை நிரப்புவது, இல்லையென்றால் கேரியரையே மாற்றுவது, இதுதான் வைத்தியம்.

ஸ்டென்னாண்டி:

லீவர் பெரியவருக்கு வணக்கம். நானும் பழைய கதை ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் காலிக்கூடு சொல்கிற கோளாறுக்கு இதுதான் நேர்ச் சொந்தம். பிரிட்டிஷ் ஸ்டென் துப்பாக்கி ஜாம் ஆகிறது என்று உலகத்துக்கே தெரியும், அதற்கு முதல் காரணம் மேகசின். ஜெர்மன் துப்பாக்கி மேகசினைப் பார்த்துச் செய்தது. உள்ளே இரண்டு வரிசையாக நிற்கும் தோட்டாக்கள் மேலே வரும்போது ஒரே வரிசையாக நெருங்க வேண்டும். அந்த நெருங்குகிற இடத்தில்தான் உராய்வு. கொஞ்சம் தூசி, கொஞ்சம் நசுங்கல், போதும். 32 தோட்டா பிடிக்கிற மேகசினில் 28, 30 என்று குறைத்துப் போட்டுக்கொண்டதும் அதனால்தான். அமெரிக்க தாம்ப்ஸனிலும் பின்னால் வந்த உஸியிலும் தோட்டா இடம், வலம் என்று மேகசின் வாயின் இரண்டு உதட்டிலிருந்தும் (தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மேல் விளிம்புகள்) மாறி மாறி வரும், நெருங்கும் வேலையே கிடையாது.

கிளாக் மேகசினும் ஸ்டென் மாதிரி இரண்டு வரிசை ஒன்றாகிற ஜாதிதான். ஒரே வித்தியாசம், அது நன்றாகச் செய்யப்பட்டது. ஆனால் அது கைத்துப்பாக்கிக்காகச் செய்தது என்பதை மறக்க வேண்டாம்.

கனபோல்ட்:

இது சரியான புள்ளி. கோல்ட் வகை லோயர் வைத்திருப்பவர்களுக்கு இதிலிருந்து ஒரு உபாயம் கிடைக்கிறது. அந்த மேகசின் உஸி வழி வந்தது, இடம் வலம் மாறி மாறிக் கொடுக்கும். ஒன்று விட்டு ஒன்று மட்டும் சிக்குகிறது என்றால், அல்லது எப்போதும் இடப்பக்கத் தோட்டாவே சிக்குகிறது என்றால், அந்தப் பக்கத்து உதடு வளைந்திருக்கிறது என்று பாதி சந்தேகத்தோடு ஆரம்பிக்கலாம். கிளாக் வகையில் இந்த வசதி இல்லை, எல்லாத் தோட்டாவும் நடுவில் ஒரே இடத்திலிருந்துதான் வரும்.

இன்னொன்று, 9 மி.மீ. கூடு நேர்க்குழாய் கிடையாது. அடியில் 9.93, வாயில் 9.65 மி.மீ. என்று லேசாகச் சரிந்திருக்கும். சிலவற்றை அடுக்கினால் தெரியாது, முப்பதை அடுக்கினால் வரிசை தானாக வளைய ஆரம்பிக்கும். எம்பி5 துப்பாக்கிக்கு முதலில் நேர் மேகசின்தான் வந்தது, 1970களின் பிற்பகுதியில் வளைந்த மேகசினுக்கு மாறினார்கள், பலவிதக் குண்டுகளும் ஒழுங்காக ஏற வேண்டும் என்பதற்காக. நேராக நீண்டுகிடக்கிற 33 தோட்டா மேகசினில் தோட்டா மூக்கு கவிழ்கிறது என்று புலம்புகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

காலிக்கூடு:

ஆட்டிப் பார்த்தேன். நன்றாகவே ஆடுகிறது. மேலே தள்ளிப் பிடித்தால் தோட்டாவின் மூக்கு புனலுக்கு நேராக வருகிறது, விட்டால் மேகசின் இறங்கி மூக்கு விளிம்புக்குக் கீழே பார்க்கிறது. அப்புறம் எல்லா மேகசினிலும் பெயிண்ட்டால் எண் போட்டேன். போல்ட் மேலே ஓடிப்போகிற கோளாறு நீளமான மேகசின்களில்தான் வருகிறது, அதிலும் நிரப்பிய புதிதில், முதல் சில தோட்டாக்களில். குட்டை மேகசின்களில் அது இல்லை. ஹாலோ பாயிண்ட் முட்டுவது மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

கனபோல்ட்:

இப்போது பேசுவதற்கு ஏதோ இருக்கிறது. உங்களுக்கு இருப்பது ஒரு வியாதி இல்லை, இரண்டு.

ஹாலோ பாயிண்ட் முட்டுவது மேகசின் தாழ்வாக உட்காருவதால். மேகசின் கேட்ச் (மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி) தேய்ந்திருக்கலாம், அல்லது லோயரில் கேட்ச் உட்காரும் இடமே தாழ்வாகக் கடையப்பட்டிருக்கலாம். உருண்டை மூக்கு அந்தத் தாழ்வை மன்னித்துவிடுகிறது, ஏனென்றால் அது நீளம், மூக்கும் வழுக்கும். 9 மி.மீ. தோட்டாவின் மொத்த நீளம் அதிகபட்சம் 29.69 மி.மீ. வரை போகலாம். ஹாலோ பாயிண்ட் பல சமயம் அதை விடக் குட்டையாக இருக்கும், வாயும் அகலம். மூக்கு புனலைத் தொடுவதற்கு முன் தாண்ட வேண்டிய வெற்றிடம் கூடுகிறது, அந்த வெற்றிடத்தில் மூக்கு கவிழ்கிறது. சில லோயர்களில் கேட்ச்சை மாற்றினாலே போதும், சிலவற்றில் கேட்ச்சின் உயரத்தைச் சரிசெய்யும் வசதியே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை, மேகசின் மேலே ஏறினால் நல்லது என்று ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். இந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் எஜெக்டர் (காலிக்கூட்டை வெளியே தட்டிவிடும் பாகம்) போல்ட்டில் இருக்காது, லோயரிலோ அதை ஒட்டியோ நிற்கிற ஒரு தகடுதான். போல்ட் பின்னால் நிற்கும்போது மேகசினை ஓங்கிக் குத்தினால் அதன் தலை போய் எஜெக்டரில் மோதும், எஜெக்டர் வளையும், சில சமயம் முறியும். அதற்குப் பிறகு காலிக்கூடு வெளியே போகாமல் புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும், ஆள் எக்ஸ்ட்ராக்டரை (கூட்டைப் பிடிக்கும் போல்ட்டுக் கொக்கியை) குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

எக்ஸ்ட்ராக்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ப்ளோபேக்கில் காலிக்கூட்டைச் சேம்பரிலிருந்து வெளியே தள்ளுவது வாயு அழுத்தம்தான், எக்ஸ்ட்ராக்டர் இழுத்துக்கொண்டிருப்பதில்லை. கூட்டை போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடித்து எஜெக்டர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் வேலை. ஆகவே பிடி தளர்ந்த எக்ஸ்ட்ராக்டரின் அடையாளம் சேம்பரிலேயே கூடு நிற்பதை விட, பாதி வழியில் கூடு நழுவி உள்ளே உருள்வது. சுடாத தோட்டாவைக் கையால் வெளியே எடுக்கும்போதும் எக்ஸ்ட்ராக்டர் வேண்டும், அங்கே தள்ள வாயு இல்லை. பிடி எப்படி என்று சோதிக்க டம்மித் தோட்டாவைப் போட்டு இழுத்துப் பார்ப்பது நல்ல வழி.

மினுக்கு:

சரி அதெல்லாம் இருக்கட்டும், ரெண்டாவது வியாதி? கனமான பஃபர் தானே?

கனபோல்ட்:

பாதி சரி. ப்ளோபேக்கில் பூட்டு எதுவும் இல்லை, போல்ட்டின் எடையும் ஸ்பிரிங்கும்தான் கதவு. அதனால்தான் 9 மி.மீ.க்கு போல்ட்டும் பஃபரும் சேர்ந்து அரை கிலோவைத் தாண்டி நிற்கிறது. எடை குறைந்தால் போல்ட் வேகமாகப் பின்னால் போகும், வேகமாகத் திரும்பி வரும். அந்த இடைவெளியில் மேகசின் ஸ்பிரிங் மொத்த வரிசையையும் மேலே தூக்கி நிறுத்தியாக வேண்டும். நிரம்பிய நீள மேகசினில் வரிசை கனம், உள்ளே உராய்வும் அதிகம். தூக்கி முடிக்கும் முன் போல்ட் வந்துவிட்டால் அது தோட்டாவின் முதுகுக்கு மேலே ஓடிவிடும், 'டிக்'.

ஆக போல்ட்டை மெதுவாக்கலாம், அல்லது மேகசினை வேகமாக்கலாம். பஃபரில் எடை கூட்டுவது முதல் வழி. நீள மேகசினில் நல்ல ஸ்பிரிங் போடுவது, இரண்டு தோட்டா குறைத்து நிரப்புவது இரண்டாவது வழி. உங்களுக்கு இது குட்டை மேகசினில் வரவே இல்லை என்பதால் நான் முதலில் மேகசின் ஸ்பிரிங்கைத்தான் மாற்றுவேன், காசு கொடுத்துப் பஃபர் வாங்குவது அப்புறம். எடையையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டக் கூடாது, மென்மையான தோட்டாவில் போல்ட் முழுசாகப் பின்னால் போகாமல் பாதியில் திரும்பிவிடும், அதுவும் மறுபடி ஃபீடிங் கோளாறாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

கரிமூட்டம்:

குறுக்கிடுகிறேன். இதனால்தான் நான் ப்ளோபேக்கை விட்டே ஓடினேன். சிக் எம்பிஎக்ஸ் வாயுவால் இயங்கும், சுழலும் போல்ட் பூட்டிக்கொள்ளும், எம்பி5 உருளைகளால் தாமதிக்கும், சிஎம்எம்ஜி செய்கிற ரேடியல் தாமத வகையும் இருக்கிறது. போல்ட் லேசு, தோளில் உதை குறைவு. ப்ளோபேக்கில் சேம்பர் திறக்கும்போது மிச்சமிருக்கிற வாயு கரியோடு பின்னால் வந்து எல்லாவற்றிலும் படிகிறது, சப்ரஸர் (சத்தம் குறைக்கும் குழாய்) மாட்டினால் கேட்கவே வேண்டாம்.

கனபோல்ட்:

உதை குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாகங்கள் கூடும், அவற்றின் ஸ்பிரிங்குகளைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும், மென்மையான தோட்டாவை அவை விரும்பாது. மேகசின் தாழ்வாக உட்கார்ந்தால் சுழலும் போல்ட் வைத்திருந்தாலும் மூக்கு முட்டத்தான் செய்யும். இயங்கும் முறையை மாற்றினால் ஃபீடிங் சரியாகிவிடும் என்று நினைத்துப் புதுத் துப்பாக்கி வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ப்ளோபேக்கிலேயே யோசித்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ரூகர் பிசி கார்பைன் இருக்கிறது, போல்ட்டுக்குள் நகரும் டங்ஸ்டன் எடை, ரூகர் மேகசினுக்கும் கிளாக் மேகசினுக்கும் தனித்தனியாக மாற்றிப் போடுகிற மேகசின் கிணறு. ஒரே கிணற்றில் எல்லாவற்றையும் திணிக்கவில்லை.

ஸ்டென்னாண்டி:

பழைய மார்லின் கேம்ப் கார்பைன் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை. 1985 முதல் 1999 வரை வந்தது, 9 மி.மீ. வகை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 59 வரிசை மேகசினும் .45 வகை 1911 மேகசினும் ஏற்கும். உள்ளே போல்ட் மோதுகிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பஃபர் இருக்கும், வயசானால் பொடிந்து போகும். பொடி உள்ளே சிதறி எங்கெங்கோ மாட்டிக்கொள்ளும், போல்ட் நேராக உலோகத்தில் இடிக்கும். வாங்கினால் சுடுவதற்கு முன் பிரித்து அதைப் பாருங்கள், ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

மறுநிரப்பு:

யாரும் இன்னும் கேட்காத கேள்வி, தோட்டா கடையில் வாங்கியதா, வீட்டில் நிரப்பியதா? 9 மி.மீ. கூடு சேம்பரில் தன் வாயை ஊன்றித்தான் நிற்கும். நிரப்பும்போது வாயைக் கொஞ்சம் விரிப்போம், அந்த விரிவைத் திரும்ப மூடாமல் விட்டால் தோட்டா முக்கால் பங்கு போய் நின்றுவிடும். கைத்துப்பாக்கி சேம்பர் தளர்வாக இருந்தால் அதே தோட்டா அங்கே போய்விடும், கார்பைனில் போகாது, 'என் பிஸ்டலில் ஓடுகிறதே' என்று ஆரம்பிப்பார்கள். ஒரு கேஸ் கேஜ் (சேம்பர் அளவில் துளையிட்ட அளவுக்கருவி) வாங்கி ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள்.

போல்ட் கொஞ்சம் திறந்து நிற்கும்போது முன்னால் அடித்துத் தள்ளுகிற பழக்கம் சிலருக்கு இருக்கிறது. ப்ளோபேக்கில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். போல்ட் முழுசாக மூடாத நிலையில் தோட்டா வெடித்தால் கூட்டைத் தாங்க ஒன்றும் இல்லை, கூடு கிழிந்து மேகசின் வழியாக வாயு இறங்கும். 35,000 பிஎஸ்ஐ வரை அழுத்தம் வருகிற தோட்டா இது. அப்புறம், வழக்கத்தை விட மெலிதாக 'பொட்' என்று சத்தம் வந்து போல்ட் சரியாக இயங்கவில்லை என்றால் அதை ஃபீடிங் ஜாம் என்று நினைத்து அடுத்ததை ஏற்றிவிட வேண்டாம். குண்டு பேரலுக்குள்ளேயே நிற்கலாம். துப்பாக்கியைக் காலி செய்து, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

காலிக்கூடு:

கடையில் வாங்கியதுதான். சரி, நடந்ததைச் சொல்கிறேன். மேகசின் கேட்ச்சை மாற்றினேன், ஆட்டம் முக்கால்வாசி போய்விட்டது, ஹாலோ பாயிண்ட் இப்போது முட்டுவதில்லை. அகலமான வாய் உள்ள ஒரு வகை மட்டும் எப்போதாவது தயங்கிவிட்டுப் போகிறது, அதை நான் வாங்கப்போவதில்லை. நீள மேகசின்களில் புது ஸ்பிரிங் போட்டேன். இரண்டில் கோளாறு போனது, ஒன்றில் போகவில்லை. அந்த மேகசினை உற்றுப் பார்த்தால் உடலின் ஒரு பக்கம் லேசாக உள்ளே அமுங்கியிருக்கிறது, ஃபாலோயரை (ஸ்பிரிங்குக்கு மேலே தோட்டாக்களைத் தள்ளும் தகட்டை) விரலால் அழுத்தினால் அந்த இடத்தில் உரசி நின்று நின்று ஏறுகிறது. தூக்கிப் போட்டேன்.

கடைசியில் போல்ட் நிற்பது மட்டும் இன்னும் பழையபடிதான்.

நெம்புகோல்:

அதை விட்டுவிடு தம்பி. எங்கள் லீவரில் அந்த வசதியே கிடையாது, யாரும் அழவில்லை.

கனபோல்ட்:

பெரியவருக்கு என்ன, கையாலேயே எல்லாம் நடக்கிறது :)

கிளாக் வகை லோயர்களில் இது பொதுவான தலைவலி. ஃபாலோயர் ஏறித் தள்ளுகிற இடம் ஒன்று, போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் ஏஆர் போல்ட் கேட்ச் இருக்கிற இடம் இன்னொன்று, நடுவில் ஒரு இணைப்புத் தகடு வைத்துச் சமாளித்திருப்பார்கள். தகட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, கரி இல்லாமல் தானாக அசைகிறதா என்று பாருங்கள். புது ஸ்பிரிங் போட்ட மேகசினில் நிற்கிறது, பழையதில் நிற்கவில்லை என்றால் விடை அங்கேயே இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் பஃபர் குழாயைத் திறந்து பஃபர் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 5.56 ரைஃபிளுக்கான குட்டை பஃபரை அப்படியே போட்டிருந்தால் 9 மி.மீ. போல்ட் தேவைக்கு மேல் வெகுதூரம் பின்னால் ஓடும், திரும்பி வரும்போது வேகம் பிடித்து வந்து கேட்ச்சில் இடிக்கும். சில சமயம் கேட்ச் ஏறுவதற்குள் தாண்டிவிடும், ஏறினால் நாளடைவில் கேட்ச் உடையும். நீளமான 9 மி.மீ. பஃபர், அல்லது குழாயின் அடியில் ஒரு ஸ்பேஸர், இரண்டில் ஒன்று. ஸ்பேஸர் போட்டால் போல்ட் இன்னும் கேட்ச்சைத் தாண்டிப் பின்னால் போகிறதா என்று கையால் இழுத்துப் பார்த்துவிட்டுச் சுடுங்கள், அளவுக்கு மீறி அடைத்துவிட்டால் எப்போதுமே நிற்காது.

காலிக்கூடு:

திறந்தேன். குட்டை பஃபர்தான் இருக்கிறது, ஸ்பேஸர் எதுவும் இல்லை. போல்ட் கேட்ச்சின் முகத்தில் ஒரு மூலை ஏற்கெனவே பிசிறு பிசிறாக நசுங்கியிருக்கிறது. ஸ்பேஸருக்குச் சொல்லிவிட்டேன், கேட்ச்சும் சேர்த்து. மினுக்கு, உங்கள் ராம்ப் பாலிஷ் பேஸ்ட் என்ன நம்பர்? என் ராம்ப்புக்கு இல்லை, போல்ட் கேட்ச்சின் பிசிறை எடுக்க வேண்டும்.

மினுக்கு:

பேஸ்ட் வேண்டாம், பிசிறுக்கு மெல்லிசான எண்ணெய்க்கல் போதும். விளிம்பை உருட்டிடாதீங்க, பிடி போயிடும்.